கிரீன் டீ பபிள் டீ வீட்டில்: பழம் கீழே, டீ மேலே அடுக்காக நிற்க என்ன வழி?

#1 பீளமேடு பிரியா
வணக்கம் மக்களே. பொண்ணு பத்தாவது எழுதிட்டு லீவுல இருக்கா. மால்ல குடிச்ச மாம்பழ கிரீன் டீயை வீட்லயே போட்டுக் குடுன்னு ஒரே நச்சரிப்பு. அங்க ஒரு டம்ளர் விலையில நான் ரெண்டு கிலோ மாம்பழமே வாங்கிடுவேன்.

ருசி ஓரளவு வந்துடுச்சு. ஆனா கண்ணாடி டம்ளர்ல அடியில மஞ்சள், நடுவுல ஐஸ், மேல இளம் தங்க நிறத்துல டீன்னு நிக்குமே, அது மட்டும் வரமாட்டேங்குது. ஊத்தின உடனே மொத்தமும் கலங்கி ஒரே நிறமாயிடுது. இன்னொண்ணு, பபிள் டீயில அடியில போடுவாங்களே மெல்லுற கருப்பு மாவு உருண்டை, அந்த முத்துக்குப் பதிலா ஜவ்வரிசி போட்டேன். வெந்ததும் பாதி கஞ்சி.

யாராவது ஒழுங்காப் போடுறவங்க இருக்கீங்களா? பவுடர், சிரப் எல்லாம் வாங்காம, பழத்துலயே செய்யணும்.

#2 சும்மா வந்தவன்
ஜவ்வரிசிக் கஞ்சி வயித்துக்கு நல்லதுங்க. மேல ஒரு குடை குத்தி வச்சா அதுவே இருநூறு ரூபாய்.

#3 குன்னூர் கொழுந்து
பிரியா, முதல்ல ஒரு கேள்வி. சர்க்கரையை எதுல போடுறீங்க, டீயிலயா பழத்துலயா?

#4 பீளமேடு பிரியா
டீயில தாங்க. சூடா இருக்கும்போதே போட்டாத்தானே கரையும். மாம்பழம் தானே இனிப்பு, அதுக்கு எதுக்கு?

#5 குன்னூர் கொழுந்து
அங்கதான் விஷயம். அடுக்கு நிக்கிறதும் கலங்குறதும் சர்க்கரை எங்க இருக்குங்கிறதைப் பொறுத்தது. கை நடுக்கமோ டம்ளர் வடிவமோ அதுக்கு அப்புறம்தான்.

ஒரு லிட்டர் தண்ணி 1,000 கிராம். சர்க்கரையும் தண்ணியும் சம எடை போட்டுக் காய்ச்சின பாகு ஒரு லிட்டர் 1,230 கிராம் வரும். ஆரஞ்சுச் சாறு 1,045 பக்கம். நல்லாப் பழுத்த மாம்பழக் கூழ் அதைவிடக் கனம். சர்க்கரை போடாத டீ கிட்டத்தட்ட தண்ணி எடைதான். அதனால கனமானதைக் கீழ வச்சு, லேசானதை மெதுவா மேல விட்டா, அது மேலயே நிக்கும். நீங்க டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டதும் டீயும் பழமும் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்துடுச்சு. அப்புறம் எப்படி பிரிஞ்சு நிக்கும்?

நான் செய்யிறது இப்படி. மொத்த டம்ளருக்கு எவ்வளவு இனிப்பு வேணுமோ, அவ்வளவும் அடித்தட்டுல. டீயில ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. குடிக்கிறதுக்கு முன்னாடி எப்படியும் கலக்கத்தானே போறோம். தனியா ருசி பார்த்தா பழம் திகட்டணும், டீ சப்புன்னு இருக்கணும். அப்பத்தான் கலந்ததும் சரியா இருக்கும்.

450 மில்லி டம்ளருக்கு:
முத்து ரெண்டு மேசைக்கரண்டி, அது ஊறின பாகோட. மாம்பழக் கூழ் 80 கிராம், அதுலயே ஒண்ணரை டீஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிடணும். அதுக்கு மேல ஐஸ் விளிம்பு வரைக்கும். ஐஸ்ல கஞ்சத்தனம் கூடாது, அதுதான் தடுப்பு. கடைசியா நல்லாக் குளிர வச்ச டீ 180 மில்லி, ஐஸ்மேல படுற மாதிரி, ஸ்பூன் முதுகுல வழிய விடுங்க. டீ நேரா பழத்துல போய் விழக்கூடாது, அவ்வளவுதான்.

டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா வச்சுப் பாருங்க. ரெண்டும் சேருற இடத்துல, மே மாசத்து தார் ரோட்டு மேல தெரியுற கானல் கணக்கா ஒரு நெளிவு தெரியும். நெளிவு அந்த ஒரு கோட்டுல மட்டும் இருந்தா சரி. டம்ளர் முழுக்க நெளிஞ்சா பழத்துல இனிப்பு பத்தலைன்னு அர்த்தம்.

#6 பீளமேடு பிரியா
அடேங்கப்பா. இதைப் பள்ளிக்கூடத்துலயே அடர்த்தின்னு படிச்சேன், டம்ளர்ல வந்து நிக்கும்னு யாரு கண்டா. டீயும் எனக்குக் கசக்குதுங்க. டிப் பாக்கெட்தான் போடுறேன். அதுக்கும் சொல்லிடுங்க.

#7 குன்னூர் கொழுந்து
டிப் பையில பெரும்பாலும் தூள் ரகம். சாறு சீக்கிரம் இறங்கும், கசப்பும் சேர்ந்தே இறங்கும். இலை கிரீன் டீ வாங்குங்க. நீலகிரி இலையே போதும். தைவான் பழ டீக்கடைகள்ல மல்லிகை மணம் ஏத்தின கிரீன் டீதான் அதிகம் போடுவாங்க. மாம்பழத்துக்கும் லிச்சிக்கும் மல்லிகை பிரமாதமாச் சேரும்.

கொதிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க. 75 டிகிரி பக்கம் இருக்கணும். தெர்மாமீட்டர் இல்லைன்னா ரெண்டு பங்கு கொதிநீர், ஒரு பங்கு குழாய்த்தண்ணி கலங்க, கணக்கா அங்க வந்து நிக்கும். ரெண்டு நிமிஷம், மிஞ்சினா மூணு. வடிகட்டிடணும். (எங்க ஊர்ல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும். அதனால மலைக்காரங்க கொஞ்சம் தப்பிச்சோம்.)

இதைவிட சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் பிடிக்கும். ஒரு லிட்டர் குடிதண்ணியில 8 கிராம் இலை போட்டு, மூடி, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. ஆறேழு மணி நேரத்துல பச்சைத் தண்ணியிலயே சாறு இறங்கிடும். துவர்ப்பு ரொம்பக் குறைவு, நிறமும் கண்ணாடி கணக்கா தெளிவு. அடுக்கு டம்ளருக்கு இதைவிட நல்ல டீ கிடையாது. அன்னன்னைக்குத் தீர்த்துடுங்க. கிரீன் டீ வச்சா வச்சா பழுப்பாகும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டா நிறம் கொஞ்ச நேரம் தாங்கும்.

#8 ஆத்தூர் செல்வம்
சேலம் மாவட்டம் ஆத்தூர்க்காரன் வந்துட்டேன். ஜவ்வரிசியைக் குறை சொன்னா சும்மா விடமாட்டோம்.

பபிள் டீ முத்தும் நம்ம ஜவ்வரிசியும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. ரெண்டுமே குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவுப்பால்தான். எங்க பக்கம் சேகோ பேக்டரியில கிழங்கைத் தோல் சீவி, அரைச்சு, சலிச்சு, திப்பியைத் தள்ளிட்டு, பாலைத் தொட்டியில தெளிய விடுவாங்க. அடியில படியிற ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, எண்ணெய் தடவின சூட்டுத்தட்டுல வறுத்து, களத்துல காய வைப்பாங்க. அது மாவு ஜவ்வரிசி, வெள்ளையா இருக்கும். ஆவியில வேக வச்சு காய வச்சது நைலான் ஜவ்வரிசி, கண்ணாடியாத் தெரியும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடும் வந்தாச்சு.

நீங்க கஞ்சியாக்கினது ஊற வச்சு, கொஞ்சமா தண்ணி வச்சு வேக வச்சதால. பாயசத்துக்கு அது சரி. டம்ளர்ல முத்து முத்தா நிக்கணும்னா ஊறவே வைக்காதீங்க. ஒரு கைப்பிடிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணி தளதளன்னு கொதிக்கணும். பெரிய ரக ஜவ்வரிசியைக் காய்ஞ்சபடியே தூவி, அடி பிடிக்காம ரெண்டு கிண்டு கிண்டி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளி மிச்சம் இருக்கும்போதே அணைச்சு மூடிடுங்க. பத்து நிமிஷத்துல அந்தப் புள்ளி தானா மறையும். வடிச்சு, பச்சைத் தண்ணியில ரெண்டு தடவை அலசி, பாகுல போடுங்க. ஒண்ணோடொண்ணு ஒட்டாது.

ஆனா மெல்லுற அந்த ரப்பர் பதம் ஜவ்வரிசியில வராது. அதை ஒத்துக்கிறேன். அதுக்குத் தனியாத்தான் உருட்டணும்.

#9 சும்மா வந்தவன்
செல்வம் அண்ணே, ஜவ்வரிசியை மிக்ஸியில போட்டு அரைச்சு, அந்த மாவுல உருட்டலாம்னு யூடியூப்ல காட்டுறாங்களே?

#10 ஆத்தூர் செல்வம்
உருட்டலாம் தம்பி. ஆனா அது ஏற்கெனவே தட்டுல பாதி வெந்த மாவு. கை வச்சதுமே பிசுபிசுன்னு இழுக்கும், வேக வைக்கும்போது மேல்தோல் கரையும். மரவள்ளி ஸ்டார்ச்னு கேட்டு வாங்குங்க, தொட்டா சோள மாவு (கார்ன்ஃப்ளவர்) மாதிரி நறநறன்னு சத்தம் போடணும். கிழங்கை அப்படியே காய வச்சு அரைச்ச மாவு வேற. அதுல நாரும் சேர்ந்து வரும், முத்து உதிர்ந்துடும்.

#11 ஸ்காபரோ சுதர்சினி
எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதுறன். இங்க சந்திக்குச் சந்தி பபிள் டீக்கடை, எண்டாலும் வீட்டில உருட்டுற முத்துக்கு ஈடில்லை.

நான் உருட்டுற விதம் சொல்லுறன். ஸ்டார்ச் 100 கிராம், தண்ணி 60 கிராம், பனங்கட்டி 40 கிராம். பனங்கட்டி இல்லையெண்டால் பிறவுன் சுகர். பனங்கட்டியைத் தண்ணியில கரைச்சு கட்டாயம் வடிச்சுப் போடுங்கோ, அடியில மண் நிக்கும். அந்தத் தண்ணி நல்லாக் கொதிக்கேக்க மூண்டில ஒரு பங்கு மாவைப் போட்டு, பசை மாதிரித் திரளும் வரைக்கும் கிண்டவேணும். பிறகு அடுப்பை நிப்பாட்டி மிச்ச மாவைப் போட்டு, கை பொறுக்கிற சூட்டோட குழையுங்கோ. ஆற விட்டால் மா வெடிக்கும். மா புட்டு மாதிரி உதிர்ந்தால் தண்ணி கொதிச்சது காணாது எண்டு அர்த்தம், திருப்பி ஒரு நிமிசம் அடுப்பில வைச்சுக் கிண்டினால் சரிவரும்.

உருண்டை மிளகை விடக் கொஞ்சம் பெரிசாப் போதும். ஏனெண்டால் அவிஞ்சாப் பிறகு பருக்கும். உருட்டினதை மாவில பிரட்டி வையுங்கோ. நிறையக் கொதிதண்ணியில 20 நிமிசம், மூடி வைச்சு இன்னும் 15, 20 நிமிசம். ஒண்டை எடுத்து நகத்தால வெட்டிப் பாருங்கோ, நடுவில வெள்ளைப் பொட்டு இருக்கக்கூடாது. உடன பனங்கட்டிப் பாகில போட்டுவிடுங்கோ.

அவிச்ச முத்தை ஃப்ரிட்ஜில வைக்கவே கூடாது. குளிர் பட்டால் மாப்பொருள் இறுகி உள்ளுக்குச் சுண்ணாம்பாப் போகும். பாகோட வெளியில வைச்சு நாலு மணித்தியாலத்துக்குள்ள முடியுங்கோ. அவிக்காத முத்தை ஃப்ரீசரில போடலாம், ஒரு மாதம் பிழையில்லை. எடுத்தவுடன நேர கொதிதண்ணியில, இளக விடாமல்.

#12 பீளமேடு பிரியா
சுதர்சினி அக்கா, தெய்வமே! பனங்கட்டின்னா கருப்பட்டி தானே? எங்க அம்மா உடன்குடியில இருந்து வரவழைச்சது டப்பா நிறைய இருக்கு. ஆனா மாம்பழத்தோட கருப்பட்டி ஒத்துப் போகுமா?

#13 ஸ்காபரோ சுதர்சினி
அது ஆளைப் பொறுத்தது பிரியா. எனக்கு மாம்பழத்தோட பிடிக்கும். கொடித்தோடையோட (பாஷன் ஃப்ரூட்) பிடிக்காது. புளிப்புப் பழத்துக்கு முத்தை வெள்ளைச் சீனியில செய்து, சீனிப்பாகில ஊற விடுவன்.

கொடித்தோடை கிடைச்சால் அதைத்தான் முதல் செய்யுங்கோ. கிரீன் டீக்கு அதை விட்டால் வேற பழமில்லை. உள்ளுக்கு இருக்கிறதை விதையோட வழிச்சுப் போட்டு, பழத்துக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. விதை கறுப்புப் பொட்டாத் தெரியிறது வடிவு. ஆனா அதோட பால் மட்டும் சேர்க்காதேங்கோ, திரைஞ்சு போகும்.

#14 குன்னூர் கொழுந்து
கொடித்தோடை எங்க பக்கம் தாட்பூட் பழம். கொடைக்கானல்லயும் அப்படித்தான் கேட்கணும். அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. பால் பத்திச் சொன்னதையும் கவனிங்க. மாம்பழ அடுக்குக்கு மேல பால் டீ ஊத்துற படம் நிறைய சுத்துது. அல்போன்சா நல்லாக் கனிஞ்சதுன்னா கொஞ்ச நேரம் தாங்கும், பங்கனப்பள்ளி லேசா புளிப்பு இருந்தாலும் ஓரத்துல துகள் துகளாத் தட்டும்.

பழம் எது எப்படின்னு சுருக்கமா: பன்னீர் திராட்சை நிறத்துக்கு ராஜா, கம்பம் பக்கம் இருக்கிறவங்க கொடுத்து வச்சவங்க. தோலோட கொஞ்சம் சூடு காட்டி நசுக்கி வடிங்க. மாதுளைக்கும் இனிப்பு போதும், ஆனா சாறு தண்ணியா இருக்கிறதால கொஞ்சம் பாகு சேர்த்தாத்தான் அடியில உட்காரும். ஸ்ட்ராபெர்ரியைப் பொடியா நறுக்கி சர்க்கரையில அரை மணி நேரம் பிசறி வச்சா அதுவே பாகு விட்டுடும். தர்பூசணி வேண்டாம். இனிப்பு கம்மி, சக்கையும் தண்ணியும் டம்ளர்லயே தனித்தனியாப் போயிடும். அதை ஐஸ் கட்டியா உறைய வச்சுப் போடுங்க, அழகா இருக்கும்.

#15 யீஷூன் குமார்
சிங்கப்பூர்லேருந்து. இங்க இது 90கள்லயே வந்து ஒரு அலை அடிச்சு ஓய்ஞ்சு, திரும்ப வந்த சரக்கு. கடையில ஆர்டர் கொடுக்கும்போதே இனிப்பு நூறா, ஐம்பதா, இருபத்தஞ்சா, சைபரான்னு கேட்பாங்க. 2023 டிசம்பர் 30 முதல் கடையில புதுசாக் கலந்து தர்ற பானத்துக்கும் நியூட்ரி கிரேடு (சர்க்கரை, கொழுப்பைப் பார்த்து A முதல் D வரை போடுற எழுத்து) விதி உண்டு. 100 மில்லியில 10 கிராமுக்கு மேல சர்க்கரைன்னா D. அந்த D எழுத்து போட்ட பானத்துக்கு விளம்பரமே பண்ணக்கூடாது. முத்து மாதிரி மேல போடுற சாமானோட சர்க்கரையும் தனியாக் காட்டணும்.

குன்னூர் அண்ணனோட கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 80 கிராம் மாம்பழத்துல தானா ஒரு 12 கிராம், சேர்க்குறது 7, முத்துப் பாகுல 8 முதல் 10. மொத்தம் 30க்குள்ள. பானம் 280 மில்லி பக்கம் வரும், ஐஸ் உருகினா இன்னும் கூட. எல்லாத்தையும் சேர்த்தா C-க்கும் D-க்கும் நடு எல்லையில நிக்கும். பாகை வடிச்சுட்டு முத்தை மட்டும் போட்டா இன்னும் குறைக்கலாம்.

ஆனா ஒண்ணு. இனிப்பைக் குறைச்சா அடுக்கும் கலையும். இருபத்தஞ்சு சதவீத இனிப்புல கேட்டா கடைக்காரங்க பானமும் படத்துல இருக்கிற மாதிரி நிக்காது. ரெண்டும் சேர்ந்து கிடைக்காது பிரியா சிஸ்.

#16 குன்னூர் கொழுந்து
குமார், அதுக்கும் வழி இருக்கு. கூழைத் தண்ணி சேர்க்காம கெட்டியா அரைச்சு, கொஞ்ச நேரம் ஃப்ரீசர்ல வச்சு, பாதி உறைஞ்ச பதத்துல அடியில அப்புங்க. கெட்டியா இருக்கிறதால சர்க்கரை குறைஞ்சாலும் சட்டுனு கலங்காது. பத்து நிமிஷம் நிக்கும். யாரு அதுக்கு மேல பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கப் போறா?

#17 வள்ளியூர் தாத்தா
எல்லாத்தையும் படிச்சேன். பதநீரும் நுங்கும் கிடைக்கிற ஊர்ல பிறந்துட்டு, கிழங்கு மாவை உருட்டிக் கருப்பட்டியில போட்டு, அதுக்கு மேல கசப்புத் தண்ணியை ஊத்தி, அதுல அடுக்கு நிக்கலைன்னு ஒரு வருத்தம். மதுரையில ஜிகர்தண்டா இருக்கு. பழ சர்பத்துல சப்ஜா விதை போட்டா அதுவும் மெல்லத்தான் செய்யும். என்னத்துக்கு இந்தப் பாடு?

அப்புறம், சின்னப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காதீங்க. அந்தத் தடிச்ச குழலால உறிஞ்சும்போது உருண்டை நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும். என் பேத்திக்கு நான் விடமாட்டேன்.

#18 ஸ்காபரோ சுதர்சினி
தாத்தா சொல்லுற கடைசி விசயம் சரிதான். ஜேர்மனியில அரசாங்கத்தின்ர ஆபத்து மதிப்பீட்டு நிறுவனமே 2012இல சின்னப் பிள்ளையளுக்கு மூச்சடைக்கும் எண்டு எச்சரிச்சிருக்கு. எங்கட வீட்டில சின்னவனுக்கு முத்தே இல்லை. அகர் (சைனா கிராஸ்) துண்டு போட்டாலும் கரண்டியாலதான், இருந்துகொண்டுதான் சாப்பிடவேணும்.

#19 பீளமேடு பிரியா
தாத்தா, பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு, பயப்படாதீங்க. நுங்கு சொன்னீங்க பாருங்க, அது நல்ல யோசனை. முத்துக்குப் பதிலா நுங்கைப் பொடியா நறுக்கி அடியில போட்டா?

#20 வள்ளியூர் தாத்தா
போடு. இளநுங்காப் பார்த்து வாங்கு. மேல் தொலியை உரிச்சிடு, இல்லேன்னா துவர்க்கும். அந்த டீத் தண்ணிய மட்டும் கொஞ்சமா ஊத்து.

#21 பாத்திர வேதியியல்
நான் வழக்கமாக வேடிக்கை பார்ப்பவன்தான். வாயில் போட்டால் பட்டென்று உடைந்து சாறு வரும் முத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். அது மாவே கிடையாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட், சுண்ணாம்புச் சத்தான கால்சியத்தைத் தொட்டதும் தோல் கட்டும். ஸ்பெயினில் எல்புல்லி உணவகம் 2003 வாக்கில் இதைச் சமையலறைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது.

எளிய முறை: 100 மில்லி பழச்சாற்றில் 1 கிராமுக்குச் சற்றுக் குறைவாக ஆல்ஜினேட் போட்டு மிக்ஸியில் அடித்து, நுரை அடங்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். இன்னொரு பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கால்சியம் லாக்டேட். ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு நிமிடத்தில் வலைக்கரண்டியால் எடுத்து, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உடனே பரிமாறிவிடுங்கள். உள்ளே போன கால்சியம் வேலையை நிறுத்தாது, அரை மணி நேரத்தில் உள்ளேயும் கெட்டியாகி மிட்டாய் ஜெல்லியாகிவிடும்.

இங்கே இரண்டு இடைஞ்சல். ஒன்று, போர் தண்ணீர். அதில் ஏற்கெனவே கால்சியம் இருப்பதால் ஆல்ஜினேட் கலக்கும்போதே திரிதிரியாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். இரண்டு, புளிப்பு. கொடித்தோடை, எலுமிச்சை போன்றவற்றின் சாற்றில் ஆல்ஜினேட் கரையாமல் கொழகொழவென்று நிற்கும். சோடியம் சிட்ரேட் சேர்த்துப் புளிப்பை மட்டுப்படுத்தலாம். அல்லது முறையையே திருப்பிப் போட்டு, சாற்றில் கால்சியம் லாக்டேட், தொட்டியில் ஆல்ஜினேட் என்று வைக்கலாம். அப்படிச் செய்தால் உள்ளே எவ்வளவு நேரமானாலும் சாறு சாறாகவே இருக்கும். ஆனால் சொட்டு தட்டையாகும், உருண்டையாக வருவதற்குக் கை பழக வேண்டும். கால்சியம் குளோரைடு மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், நாக்கில் உப்பும் கசப்புமாக ஒட்டும்.

#22 பீளமேடு பிரியா
சார், இதெல்லாம் படிக்கும்போதே எனக்கு லேப் எக்ஸாம் ஞாபகம் வருது. இதுல பாதி சாமான் எங்க ஊர் மளிகையில கிடையாது. எளிசா ஒண்ணு சொல்லுங்க.

#23 பாத்திர வேதியியல்
சைனா கிராஸ் இருக்கிறதா? பொடியாகக் கிடைப்பது 2 கிராம், 200 மில்லி சாறு. சாறு புளிப்பென்றால் சைனா கிராஸைப் பாதித் தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்து, இறக்கிய பிறகு சாற்றைச் சேருங்கள். புளிப்போடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் இறுகாது.

உயரமான டம்ளர் நிறைய சூரியகாந்தி எண்ணெய் ஊற்றி ஃப்ரீசரில் அரை மணி நேரம். அதில் சூடான சாற்றைச் சொட்டினால் கீழே இறங்குவதற்குள் உருண்டு இறுகி, அடியில் மணி மணியாகக் குவியும். வடிகட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் எண்ணெய் போய்விடும். அந்த எண்ணெயை மறுபடி தாளிக்கப் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், டம்ளரோடு உறைந்துவிடும். கடலை எண்ணெயில் வாசனை ஏறும்.

அன்னாசி, பப்பாளி, கிவி எல்லாமே சைனா கிராஸில் இறுகும். ஜெலட்டின் என்றால் இந்த மூன்றும் பச்சையாக இருக்கும்வரை இறுகவிடாது, அவற்றின் நொதி புரதத்தை அறுத்துவிடும்.

இந்த மணி உடையாது, நறுக்கென்று கடிபடும். ஆனால் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் கெடாமல் இருக்கும். மாவு முத்தைவிட இதுதான் எனக்குப் பிடித்தது, செல்வம் மன்னிக்க வேண்டும்.

#24 ஆத்தூர் செல்வம்
மன்னிச்சாச்சு. ஆனா மெல்லுறதுக்கு ஒண்ணுமில்லாத டம்ளரைப் பபிள் டீன்னு கூப்பிடாதீங்க, பழ ஜூஸ்னு சொல்லிக்குங்க.

#25 சும்மா வந்தவன்
ஆமா, இதைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாரு? தைவானா, சைனாவா?

#26 யீஷூன் குமார்
தைவான். 1980கள். அதுக்குள்ளயே சண்டை. தாய்ச்சுங் ஊர் சுன் ஷுய் தாங் கடை நாங்கதான்னு சொல்லும், தாய்னான் ஊர் ஹன்லின் கடை இல்லை நாங்கதான்னு சொல்லும். பத்து வருஷம் கோர்ட்டுல இழுத்து, 2019ல முடிஞ்சுது. காப்புரிமை எடுத்த சரக்கு இல்லை, யாரு வேணா போடலாம், முதல்ல யாருன்னு தீர்க்க வேண்டியதே இல்லைன்னு தீர்ப்பு. பிரியா சிஸ் தாராளமா போடலாம்.

#27 பூந்தோட்டம் நித்யா
சங்குப்பூ போட்டு நீல அடுக்கு வைக்கலாமா? வாசல்ல கொடி நிறைய பூக்குது.

#28 குன்னூர் கொழுந்து
வைக்கலாம். காய்ஞ்ச பூ பத்தை 100 மில்லி வெந்நீர்ல போட்டு ஆற வச்சு, வடிச்சு குளிர வைங்க. ஆனா மூணு அடுக்குன்னா கணக்கு மாறும். டீயும் சர்க்கரையில்லாத தண்ணி, பூச்சாறும் சர்க்கரையில்லாத தண்ணின்னா ரெண்டும் கலந்துடும். அதனால நடு அடுக்கு டீயில 150 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை. பூச்சாறு மட்டும் வெறுமனே, எல்லாத்துக்கும் கடைசியா மேல.

மாம்பழத்தோட வேண்டாம்னு என் அபிப்பிராயம். படத்துல அமர்க்களமா இருக்கும், கலக்கினதும் மஞ்சளும் நீலமும் சேர்ந்து பாசிக் குளம். அடியில லிச்சியும் எலுமிச்சையும் வைங்க. கலக்கும்போது புளிப்பு பட்டதும் நீலம் ஊதாவாகி, எலுமிச்சை தூக்கலா இருந்தா இளஞ்சிவப்புக்கே போகும். பிள்ளைங்க அதுக்காகவே குடிக்கும்.

#29 பூந்தோட்டம் நித்யா
டீயைக் கடையில குலுக்குவாங்களே, அந்த நுரை? நாம குலுக்கினா அடுக்கு போயிடாதா?

#30 குன்னூர் கொழுந்து
டீயை மட்டும் தனியாக் குலுக்கணும். இறுக்கமா மூடுற எவர்சில்வர் டப்பாவுல டீயும் நாலு ஐஸும் போட்டு கை விறைக்கிற வரைக்கும். அப்புறம் அதை மெதுவா மேல ஊத்துங்க. நுரை தானா மேல நிக்கும். பழத்தையும் சேர்த்துக் குலுக்குறது வேற பானம், அது அடுக்குக் கணக்குல வராது. ருசிக்கு நான் அதைத்தான் குடிப்பேன். அடுக்கு விருந்தாளிக்கு.

#31 நெறியாளர்
இழை நல்லபடியாகப் போகிறது. இரண்டு பேர் குறிப்பிட்ட கடைகளின் பெயரைப் போட்டு விலையைத் திட்டி எழுதியதை நீக்கியிருக்கிறேன். செய்முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார்: இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் எந்த டீயானாலும் மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம், டீ இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாவு முத்து முழுக்க ஸ்டார்ச் என்பது நினைவிருக்கட்டும்.

#32 பீளமேடு பிரியா
வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணோட சிநேகிதிங்க பன்னிரண்டு பேர் வர்றாங்க. ஃப்ரிட்ஜ் ஒண்ணே ஒண்ணு, அதுவும் சின்னது. எதை முன்னாடி செய்யலாம், எதைக் கடைசியில?

#33 ஸ்காபரோ சுதர்சினி
சனி பின்னேரம் முத்தை உருட்டி ஃப்ரீசரில போடுங்கோ. 100 கிராம் மா அஞ்சாறு பேருக்குக் காணும், அப்ப நீங்கள் 250 எடுங்கோ. பிள்ளையளையே உருட்ட விட்டால் இன்னும் நல்லம்.

இரவு தேயிலையை ஊறப் போடுங்கோ, இரண்டரை லிட்டர். பழக்கூழும் சீனி கலந்து போத்தலில ஃப்ரிட்ஜுக்கு. ஐஸ் வீட்டில காணாது, கடையில வாங்குங்கோ. பிள்ளையள் வாறதுக்கு ஒண்டரை மணித்தியாலம் முதல் முத்தை அவிச்சுப் பாகில போட்டால் சரி. டம்ளரில முத்து, கூழ், ஐஸ் மட்டும் போட்டு வரிசையா வைச்சிட்டு, டீயை ஆக்கள் இருந்த பிறகு ஊத்துங்கோ. முன்னமே ஊத்தி வைச்சால் ஐஸ் உருகி மேல் அடுக்கு வெளுத்துப் போகும்.

#34 பீளமேடு பிரியா
எழுதி வச்சுக்கிட்டேன் அக்கா. கடைசியா ஒண்ணு, அந்தத் தடி ஸ்ட்ரா எங்க கிடைக்கும்? இங்க கடையில பிளாஸ்டிக் இல்லைன்னுட்டாங்க.

#35 ஆத்தூர் செல்வம்
தமிழ்நாட்டுல 2019 ஜனவரியிலயே பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை போட்டாச்சே. 12 மில்லிமீட்டர்னு சொல்லி பேப்பர் ஸ்ட்ராவோ எவர்சில்வர் ஸ்ட்ராவோ கேளுங்க, ஆன்லைன்ல இருக்கு. சாதாரண ஸ்ட்ரா 6 மில்லிமீட்டர், முத்து நுழையாது. பேப்பர்னா சீக்கிரம் ஊறிடும், ஆளுக்கு ரெண்டா வாங்குங்க. எவர்சில்வர்னா கூடவே கழுவுற பிரஷும் வாங்கிடுங்க, உள்ள ஒட்டின மாவு காய்ஞ்சா லேசுல போகாது.